விருந்தினர் பத்தி

உம்லாங்கா தமிழ்ப் பெண்கள் வட்டத்தின்
நீல அட்டை நோட்டு
ஆறு வருடமாய் என்னிடம்.
முதல் பக்கத்தில் பரகத் நிஷா எழுதிய விதிகள்:
மாதம் இருநூறு ராண்ட்.
இரண்டாம் வியாழன், காலை பத்தரை.
உறுப்பினர் இந்தியாவிலிருந்து வந்தவராய் இருக்க வேண்டும்,
தமிழ் பேசத் தெரிய வேண்டும்.
கீழே, வேறு மையில்:
யார் வீட்டு வாடகையையும் யாரும் கேட்கக் கூடாது.

எங்கள் விசாவில் வேலை பார்க்க இடமில்லை.
அதனால் ஓயாமல் வேலை பார்த்தோம்.
தினைப் பொங்கல் போட்டி,
இரண்டு வாரத்தில் நின்றுபோன யோகா,
முதியோர் இல்லத்துக்குக் கம்பளிக் குல்லாய்.
கணக்கில் எம்.ஃபில் முடித்த வடிவாம்பிகை
தம்போலா எண்களைக் கூவுவாள்;
பகா எண் வந்தால் மட்டும்
குரலில் ஒரு மரியாதை ஏறும்.

கொலு வைத்த வருடம்
பால்கனி வழியே குரங்கு வந்தது.
செட்டியார் பொம்மையின் கடையில்
நாங்கள் வைத்த நிஜ வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு
விலை கேட்காமல் போனது.
அன்று மின்வெட்டும் சேர்ந்துகொள்ள,
கைபேசியைப் பார்த்துப் பாடியவர்கள்
பாதியில் நின்றோம்.
இருட்டில் கோகி படையாச்சி மட்டும்
பதிகத்தை முழுதாய்ப் பாடி முடித்தாள்.
அர்த்தம் என்ன என்று
எங்களைக் கேட்டாள்.
விளக்கு வரட்டும் என்றோம்.

கோகி வெருலத்திலிருந்து காரோட்டி வருவாள்.
வங்கியில் கடன் பிரிவு மேலாளராய் ஓய்வு பெற்றவள்.
ஐந்து தலைமுறையாய் இந்த ஊர்க்காரி;
சோறு, ரசம், முருகா தவிர
மற்றதெல்லாம் ஆங்கிலம்.
சேர்ப்பதா என்று ஓட்டெடுத்தோம்.
ஏழுக்கு நான்கு.
விதி விதிதான் என்று
விருந்தினர் எனத் தலைப்பிட்டு ஒரு பத்தி கிழித்தேன்.
அவளும் மாதம் தவறாமல் இருநூறு கட்டினாள்.

எங்கள் பெருஞ்செலவு வழியனுப்புதல்.
யாருக்காவது ஒப்பந்தம் முடியும்;
ஆளுக்கொரு மர ஒட்டகச்சிவிங்கி,
கடற்கரைக் கடையில் பேரம் பேசி முந்நூற்று நாற்பது.
துடியலூரில் ஒன்று நிற்கிறது, பெருங்குடியில் மூன்று,
டல்லாஸில் ஒன்று காதில்லாமல்.
இருபத்தாறில் பதினொன்று
கழுத்து முறிந்தே வீடு சேர்ந்தன.
போகிறவள் அழுவாள். இருக்கிறவர்கள்
அவளுடைய மாவரைக்கும் கிரைண்டருக்குச் சீட்டுக் குலுக்குவோம்.

பிறகு என் முறை.
கடைசி வியாழன் நான்கு பேர்தான் வந்தார்கள்.
எங்கோ கரும்புக்காட்டைக் கொளுத்தியிருந்தார்கள்;
வெள்ளை மேசை விரிப்பில்
கறுப்புச் சாம்பல் இழையிழையாய் இறங்கியது.
துடைக்கப் போனேன்.
தேய்க்காதே, அப்பிக்கொள்ளும், என்றாள் கோகி.
குனிந்து ஊதினாள்.
ஒன்றும் ஒட்டவில்லை.

நோட்டை அவளிடம் கொடுத்தேன்.
வேறு யாரிடம் கொடுப்பது,
மற்ற மூவரும் மார்ச்சுக்குள் போகிறவர்கள்.
தமிழ் படிக்க வராதே என்றாள்.
எண்கள் போதும் என்றேன்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
பக்கத்துக்கு ஒரு விரலாய் இறங்கினாள்,
மூன்றாம் வருட ஜூலையில்
நாற்பது ராண்ட் உதைப்பதைக் கண்டுபிடித்தாள்.
பிறகு விரல் நின்றது.
எழுபத்திரண்டு மாதமும்
என் காசு இந்தப் பக்கமே விழுகிறதே,
மேலே என்ன எழுதியிருக்கிறது?

பொருளாளர் பதவியில் நான் செய்ய நேர்ந்த
ஒரே கடினமான வேலை.
வாசித்தேன்: விருந்தினர்.
அவள் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள்.
விருந்து. அது தெரியும். சாப்பாடு தானே?
ஆமாம் என்றேன்.
அப்படியா என்று
நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.
தெரிந்துதான் மூடினாளா
என்பதை இன்றுவரை
என்னால் நேர் செய்ய முடியவில்லை.

இருபத்தேழாவது ஒட்டகச்சிவிங்கியை
அவளே போய் வாங்கி வந்திருந்தாள்.
உங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லையே என்று
தச்சனிடம் சொல்லி
கழுத்தைத் திருகிக் கழற்றும்படி செய்திருந்தாள்.
உடம்பு பெட்டியில் போனது.
விமான நிலையத்தில் கைப்பையைத் திறக்கச் சொல்லி
இது என்ன என்று கேட்டார்கள்.
கழுத்து என்றேன்.
மீதி எங்கே என்றார்கள்.